காபி இன்னும் வரலையே!

கேள்வி: எங்கள் பெரியம்மாவுக்கு 78 வயது, மறதி நோய். பார்க்கப் போகும்போதெல்லாம், குடித்த டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் ‘எனக்கு இன்னும் காபி தரலையே’ என்கிறார். ‘இப்பத்தானே குடிச்சீங்க’ என்றால் கோபம் வருகிறது. ராத்திரி தூக்கமும் இல்லை. காபியை நிறுத்திவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நெடுநாள் பழக்கத்தை நிறுத்தினால் மறுநாளே தலைவலி வரலாம். தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், எரிந்து விழுவார்.

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. சற்று முன் குடித்தது மனதில் பதிவதே இல்லை. காலங்காலமான பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ‘குடிச்சீங்க’ என்று நிரூபிக்கப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். ‘இதோ கலக்கறேன் பெரியம்மா’ என்று சொல்லி, கொஞ்சமாகக் கொடுத்துவிடுங்கள். 150 மில்லி டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, 60 மில்லி பிடிக்கும் சின்ன டம்ளருக்கு மாறுங்கள். இரண்டரைத் தடவை கொடுத்தாலும் பழைய ஒரு டம்ளர் கணக்குதான். சர்க்கரை நோய் இருந்தால் இனிப்பையும் இப்படியே கணக்குப் பாருங்கள்.

தூக்கம் கெடுவதற்குக் காபியில் உள்ள கஃபீன் ஒரு காரணமாக இருக்கலாம். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் சுமார் பாதி உடம்பில் இருக்கும். ஆகவே நல்ல டிகாக்‌ஷன் மதியம் பன்னிரண்டோடு சரி. மாலைக்கு சிக்கரி மட்டும் போதும். அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கசப்பும் இருப்பதால் பாலில் கலந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். தனிச் சிக்கரியை ஃபில்டரில் போடாதீர்கள். குழைந்து துளையை அடைத்துக்கொள்ளும். 150 மில்லி தண்ணீரில் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். முதல் வாரம் பாதிக்குப் பாதி டிகாக்‌ஷனோடு கலந்து கொடுத்து, பிறகு முழுக்க மாற்றுங்கள்.

சூட்டில் கவனம் மிகவும் தேவை. சூடாக இருக்கிறதே, ஆறட்டும் என்ற யோசனை அவருக்கு வராமல் போகலாம். நீங்களே ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுங்கள். டவரா வேண்டாம், கை நடுங்கினால் மடியில் கொட்டும். குடிக்கும்போதெல்லாம் இருமினால் விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம்; டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, காபிக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது.

பார்க்கப் போவதென்றால் காலை பத்து, பதினொரு மணிக்கு, இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். போனதும் டிவியை நிறுத்துங்கள். ‘என்னை யாருன்னு தெரியுதா?’ என்று பரீட்சை வைக்காதீர்கள், தெரியாமல் கூசிப்போவார். ‘பெரியம்மா, நான் உங்க தங்கச்சி பொண்ணு’ என்று நீங்களே சொல்லி, எதிரில் உட்காருங்கள். கீரை ஆய்வது, துண்டு மடிப்பது என்று கைக்கு வேலை கொடுத்தால் காபி ஞாபகம் சற்றுத் தள்ளிப்போகும்.

ஓரிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் மறதி நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: காபி குடித்தால் மறதி நோய் வராதாமே?
– வாசகர், சேலம்

பதில்: நடுத்தர வயதில் தினமும் மூன்று முதல் ஐந்து கப் குடித்தவர்களுக்கு இந்நோய் குறைவாக இருந்ததாக 2009இல் பின்லாந்து ஆய்வு ஒன்று சொன்னது. காபிதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வந்த நோயைக் காபி குணப்படுத்தாது. மறதி நோய் வரும் வாய்ப்பைக் குறைக்க, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். காது மந்தமானால் கருவி வாங்கித் தள்ளிப்போடாமல் மாட்டுங்கள்.