முதுகெலும்பு: டீச்சரிடம் கேட்டவை

முதுகெலும்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை வாயை விட்டுவிட்டேன். சென்னையில் முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவள் என்கிற தைரியம்தான். வந்ததில் பாதி இடுப்பு வலி, கால்வாசி மீன், மீதி எல்லாம் ஆபீஸ் மேனேஜர். இடுப்பு வலிக்காரர்கள் தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன், பெயரை எடுத்துவிட்டு ஏரியாவை மட்டும் வைத்திருக்கிறேன்.

வேளச்சேரி: டீச்சர், பாம்புக்கு எலும்பே கிடையாது, அதனால்தான் அப்படி வளைகிறது என்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பையன் அடித்துச் சொல்கிறான். எப்படிப் புரியவைப்பது?

சைக்கிள் செயினைக் காட்டுங்கள். பிறக்கும்போது நமக்கு 33 முள்ளெலும்புகள், வளர வளர கீழே இருப்பவை ஒட்டிக்கொண்டு கடைசியில் 26. பாம்புக்கு இனத்தைப் பொறுத்து 200, 300, சிலவற்றுக்கு 400 வரைகூடப் போகும். எலும்பு இல்லாததால் வளையவில்லை, துண்டு துண்டாக ஏகப்பட்டது இருப்பதால் வளைகிறது. நல்ல பாம்பு படம் எடுக்கிறதே, அதுவும் கழுத்துப் பக்கத்து விலா எலும்புகளை விரித்துத்தான். லீவில் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள், 1972இலிருந்து இருக்கிறது, வெயிலுக்கு முன்னால் காலையிலேயே போய்விடுங்கள்.

ராயபுரம்: சுறாவுக்கு முள் கிடையாது என்றுதான் பிள்ளை பெற்றவர்களுக்குப் புட்டு செய்து கொடுக்கிறோம். முள்ளே இல்லாத மீன் எப்படி முதுகெலும்புள்ள பிராணி ஆகும்?

இதைக் கேட்க ராயபுரத்து ஆளால்தான் முடியும். சுறாவின் உடம்பில் எலும்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, உண்மைதான். எல்லாமே குருத்தெலும்பு, நம் காது மடலில், மூக்கு நுனியில் இருக்கிற சமாச்சாரம். ஆனால் முதுகுத் தொடர் இருக்கிறது, அதற்குள் தண்டுவடம் ஓடுகிறது. அந்தத் தொடர் எதனால் ஆனது என்பது அடுத்த கேள்வி.

அடுத்த தடவை பால் சுறா வாங்கினால் வேகவைத்து உதிர்க்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். நடுவில் வெள்ளையாகச் சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாகக் கையில் வரும், நாம் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மஞ்சளும் பூண்டும் போட ஆரம்பித்துவிடுவோம். போடாமல் ஒன்றைக் கழுவி விரலில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் குட்டிக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும், குழிக்குள் மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையங்கள் இருக்கும். சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியான குருத்தெலும்பு அது. அந்த வளையங்களை எண்ணித்தான் சுறாவின் வயதைக் கணிக்கிறார்கள். எங்கள் லேபில் சுண்ணாம்பு டப்பா மூடியில் இருபது முப்பது சேர்த்து வைத்திருந்தேன், ஒரு நாள் அட்டெண்டர் அம்மா சுத்தம் செய்கிறேன் என்று கொட்டிவிட்டார்.

பெசன்ட் நகர்: காலை வாக்கிங்கில் மணலில் வெள்ளையாக, லேசாக, படகு மாதிரி ஒன்று கிடைக்கிறது. மீனின் முதுகெலும்பு என்கிறார் ஒருவர், கடல் நுரை காய்ந்தது என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமில்லை. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் அதன் பெயர் கடல் நுரைதான். அது கணவாயின் உள்ளோடு, எலும்பே அல்ல. நகத்தால் கீறினால் மாவாக உதிரும். உள்ளே அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன அறைகள், அவற்றில் காற்றும் நீரும் எவ்வளவு என்பதைக் கூட்டிக் குறைத்துக் கணவாய் மிதக்கிறது, இறங்குகிறது. நம் முதுகெலும்பு மாதிரி தண்டுவடத்தைக் காக்கிற வேலை அதற்குக் கிடையாது. வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தால் கூண்டில் செருகிவையுங்கள், கொத்திக் கொத்தித் தீர்த்துவிடும்.

அம்பத்தூர்: ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் எத்தனை எலும்பு?

ஏழு. உங்களுக்கும் ஏழு, உங்கள் தெருச் சாக்கடையில் ஓடும் பெருச்சாளிக்கும் ஏழு. ஒட்டகச்சிவிங்கியுடையது ஒவ்வொன்றும் ஒரு ஸ்கேல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பாலூட்டிகளில் இந்தக் கணக்கை மீறுவது சோம்பேறிக் கரடி இல்லை, மரத்தில் தொங்குமே அந்த ஸ்லாத், அப்புறம் கடல் பசுக்களில் மனாட்டி. எழும்பூர் மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது, போனால் மண்டைக்குப் பின்னால் கழுத்தைத் தேடிப் பாருங்கள். திமிங்கலங்களுக்கும் அதே ஏழுதான், இட்லித் தட்டு அடுக்கிய மாதிரி நெருக்கமாக இருக்கும்.

நீலாங்கரை: ஆமை ஓட்டைவிட்டு வெளியே வருமா? கார்ட்டூனில் வருகிறதே.

வந்தால் முதுகெலும்பைக் கழற்றிவைத்துவிட்டு வரவேண்டியிருக்கும். ஓடு என்பது மேலே மாட்டிய சட்டை இல்லை. விலா எலும்பும் முதுகெலும்பும் அகன்று ஒட்டித்தான் ஓடே ஆகிறது. 2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அப்போது உடைந்த ஓடு ஒன்று கவிழாமல் மல்லாந்து கிடந்ததைப் பார்த்தேன். உள்பக்கம் நடுவில் தலை முதல் வால் வரை சங்கிலி மாதிரி முள்ளெலும்பு வரிசை, அதிலிருந்து இருபுறமும் குடைக்கம்பி விரிந்தாற்போல விலா எலும்புகள். வகுப்பில் எத்தனையோ படம் வரைந்து காட்டியிருக்கிறேன், ஒன்றுகூட அந்த மாதிரி இல்லை. நாய்கள் வர ஆரம்பித்தன, நின்று பார்க்க முடியவில்லை.

குரோம்பேட்டை: இருந்த முதுகெலும்பை இழந்துவிடுகிற பிராணி ஏதாவது உண்டா மேடம்? (எங்கள் வார்டு கவுன்சிலரைச் சொல்லவில்லை.)

முதுகெலும்பு என்று சொல்ல முடியாது, அதற்கு முன்னோடியான, வளையும் கம்பி மாதிரி இருக்கிற முதுகுநாணை இழப்பது உண்டு. அசிடியன் என்று கடலில் ஒன்று, துறைமுகத் தூணிலும் படகின் அடியிலும் பை மாதிரி ஒட்டியிருக்கும். குட்டியில் அது தலைப்பிரட்டை போல நீந்தும், வாலில் நாண் இருக்கும், அதற்கு மேலே நரம்பு ஓடும். நல்ல இடமாகப் பார்த்துத் தலையை ஒட்டிக்கொண்டதும் வால் சுருங்கும், நாணும் காணாமல் போகும், அப்புறம் ஆயுசுக்கும் அங்கேயே உட்கார்ந்து தண்ணீரை உறிஞ்சி வெளியேவிட்டுக்கொண்டிருக்கும். "இடம் கிடைத்ததும் நாண் போய்விடும்" என்று பாடத்தில் சொன்னால் கடைசி பெஞ்சு மட்டும் சிரிக்கும். யாரை நினைத்துச் சிரித்தீர்கள் என்று நான் கேட்டதில்லை.

மயிலாப்பூர்: "முதுகெலும்பு இல்லாதவன்" என்கிற வசவு நம்முடையதா, இங்கிலீஷ்காரன் கொடுத்ததா? பழைய தமிழில் இதற்கு இடம் உண்டா?

வசவின் ஜாதகம் எனக்குத் தெரியாது ஐயா, தமிழாசிரியரைத்தான் கேட்கவேண்டும். ஆனால் முதுகு உண்டு. முதுகு காட்டக்கூடாத இடம், அங்கே பட்ட புண் புறப்புண். சேரமான் பெருஞ்சேரலாதன் கரிகாலனோடு நடந்த வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்தது முதுகுவரை போனதற்கே நாணி வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான் என்று புறநானூறு சொல்கிறது. அவன் ஓடவில்லை, நின்று வாங்கிய அடி. அப்படியும் முதுகில் புண் என்றால் புண்தான்.

எலும்பில்லாத பிராணியும் உண்டு, திருவள்ளுவரிடம். "என்பி லதனை வெயில்போலக் காயுமே அன்பி லதனை அறம்." எலும்பில்லாத புழுவை வெயில் காய்ச்சுவது மாதிரி அன்பில்லாதவனை அறம் காய்ச்சும். மழை விட்ட மறுநாள் தார் ரோட்டில் மண்புழு நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம். ஆனால் கவனியுங்கள், அந்தக் குறளில் எலும்பில்லாததற்கு ஒப்பாக வருகிறவன் கோழை இல்லை, அன்பில்லாதவன்.

என் கட்சி வேறு. தொல்காப்பிய மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிற அறிவுக் கணக்கு வருமே, அதில் ஈரறிவுக்கு நத்தை, சிப்பி வகை, மூவறிவுக்குச் சிதலும் எறும்பும், நாலறிவுக்கு நண்டும் தும்பியும். இரண்டு முதல் நாலு வரை சொன்ன உதாரணம் எல்லாமே நாங்கள் முதுகெலும்பில்லாதவை என்று அடைக்கிற பெட்டிக்குள்தான் வருகின்றன. லாமார்க் என்கிற பிரெஞ்சு விலங்கியலாளர் 1801இல் அந்தப் பெட்டிக்கு ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் ஐந்தறிவில் மாவோடு, அதாவது விலங்கோடு, மாக்களையும் சேர்த்து நிறுத்துகிறார் பாருங்கள் தொல்காப்பியர். ஆள் உருவம் இருக்கும், முதுகெலும்பும் 33இல் ஆரம்பித்து 26இல் முடிந்திருக்கும், மனம் இல்லை, அதனால் ஆறாவது வரிசைக்கு வராது. அங்கே எலும்பு ஒரு தகுதியே இல்லை.

அதனால்தான் பயந்தவனைப் புழு என்று திட்டினால் எனக்குக் கோபம் வரும். டார்வின் சாவதற்கு முந்தைய வருடம், 1881இல், கொண்டுவந்த கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றியது. உடம்புக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தையே எலும்பாக வைத்துக்கொண்டு மண்ணைத் துளைக்கிற பிராணி அது. திட்ட வேறு ஆள் பாருங்கள்.

பெருங்குடி: மீட்டிங்கில் மேனேஜர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிறேன். தப்பு என்று தெரிந்தும்தான். "உங்களுக்கு முதுகெலும்பே இல்லை" என்கிறாள் மனைவி. வீட்டு லோன் இன்னும் பதினாலு வருடம் இருக்கிறது. டீச்சர், சீரியஸாகவே கேட்கிறேன்.

தம்பி, சீரியஸாகவே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மூன்று வருடம் முன்னால் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கப் போனேன். பாதி தூக்கியபோது இடுப்பில் சுளீரென்றது, கேனைப் போட்டுவிட்டுச் சமையலறைத் தரையிலேயே படுத்துவிட்டேன், தண்ணீர் எல்லாம் ஹாலுக்கு ஓடுகிறது, எழுந்திருக்க முடியவில்லை. எலும்புதான் போய்விட்டது என்று அழுதேன். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "எலும்பு ஜோராக இருக்கும்மா, அதைப் பிடிச்சிருக்கிற சதைதான் தூங்கிடுச்சு" என்றார். விலங்கியல் நடத்தியவளுக்கு அவர் சொல்லித் தர வேண்டியிருந்தது. சதையை எல்லாம் எடுத்துவிட்டு முதுகுத் தொடரை மட்டும் நிறுத்தினால் ஒரு சில கிலோ பாரத்துக்கே துவண்டுவிடும். நம் தலை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதாவது உங்கள் முதுகெலும்பு, தனியாக விட்டால், உங்கள் தலையையே தாங்காது. ஆள் நிமிர்ந்து நிற்கிறான் என்றால் இரண்டு பக்கமும் சதையும் நாரும் இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இன்கிரிமெண்டை இரண்டு வருடமாகப் பிடித்துவைத்திருந்தார்கள். ஸ்டாஃப் மீட்டிங்கில் இயற்பியல் சார் ஒருவர் மட்டும் எழுந்து கேட்டார். நாங்கள் இருபத்திரண்டு பேர், எல்லாரும் மேஜையைப் பார்த்தோம். நான் என் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் அந்த மூடிதான் நினைவில் நிற்கிறது. ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். மறு வருடம் காண்டீனில் நாலு பேர் பேசி, நாலு பதினொன்றாகி, ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பணம் வந்தது. அதே நான், அதே முதுகு. அவரைவிடத் தைரியம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவருக்கு நாங்கள் பக்கத்தில் இல்லை, எனக்குப் பத்துப் பேர் இருந்தார்கள்.

அதனால் நாளைக்கே எழுந்து நின்று கத்தாதீர்கள். லோன் பதினாலு வருடம் சின்ன விஷயம் இல்லை. உங்கள் டீமில் தலையாட்டிவிட்டு வந்து டீக் கடையில் புலம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். மீட்டிங்குக்கு முந்தின நாளே அவர்களிடம் பேசுங்கள். முதல் தடவை "இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், எலும்பு இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்தாயிற்று என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அடையாறு: காலையில் உயரம் கூட, மாலையில் குறைவு என்கிறார்களே?

ஆமாம், ஒரு சென்டிமீட்டர் போல. நாள் பூரா நிற்கிற கனத்தில், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்குகளிலிருந்து நீர் பிதுங்கி வெளியேறும், படுத்தால் திரும்ப ஊறிக்கொள்ளும். போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவர்கள் விடியற்காலை ஸ்லாட் கிடைத்தால் விடாதீர்கள்.

கொளத்தூர்: டீச்சர், இப்போது தண்ணீர் கேனை யார் தூக்குகிறார்கள்?

கேன் போடும் பையனே செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறை வரை வந்து கவிழ்த்துவிட்டுப் போகிறான். மாடிக்குப் பத்து ரூபாய் கூட. ஒரு கையால்தான் தூக்குகிறான், படுபாவி.