ஹோம் தியேட்டர் ஏன் சீக்கிரம் படுத்துக்கொள்கிறது? கேள்வி பதில்

சென்னை ரிச்சி தெரு பக்கம் இருபது வருடமாக ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபையர்) பிரித்துக்கொண்டிருப்பவன் நான். கெடாத செட் எது என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். கெட்டதைப் பற்றி எழுதினால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

திருவான்மியூர்: கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. நாலு வருட ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) இடது பக்கம் சத்தம் திடீரென்று போகிறது. வால்யூமைக் கூட்டினால் வந்துவிடுகிறது. மட்டமான செட்டை வாங்கிவிட்டேனா சார்?

செட் மேல் தப்பில்லை சார், உப்புக் காற்றின் வேலை. ஆன் செய்ததும் சில நொடிகளில் உள்ளே 'டிக்' என்று கேட்கிறதே, அது ஸ்பீக்கர் ரிலே, ஸ்பீக்கரை ஆம்போடு சேர்க்கும் சுவிட்ச். அதன் காண்டாக்ட் கறுத்துவிட்டால் சின்ன சிக்னல் தாண்டாது, பெரிய சிக்னல் தாண்டிவிடும். போன வாரம் நான் பிரித்த ஒன்றில் காண்டாக்ட் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ரிலேயை மாற்றினால் சரியாகிவிடும், போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஸ்பீக்கர் ஒயரின் நுனியைப் பாருங்கள். செம்பு பச்சையாகியிருந்தால் அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும்.

அண்ணா நகர்: டிவி யூனிட்டில் கண்ணாடிக் கதவுக்குள் வைத்திருக்கிறோம். மேல் மூடியில் கை வைக்க முடியவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் மேடம். உள்ளே கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர் மேல் 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று போட்டிருப்பான் என்று வையுங்கள். அந்தச் சூட்டிலேயே ஓடினால் அவ்வளவுதான் ஆயுள். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. 95-இல் 4000, 85-இல் 8000, 75-இல் 16,000. கதவை மூடி வைத்தால் இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும். நம் ஊர் மே மாதத்தில் அறையே 35 டிகிரிக்கு மேல். அதன்மேல்தான் பெட்டியின் சூடு ஏறுகிறது. மேலே ஆறு அங்குலம் இடம் விடுங்கள், பார்க்கும்போதாவது கதவைத் திறந்து வையுங்கள். செட்டாப் பாக்ஸை அதன் தலைமேல் அடுக்க வேண்டாம். (எங்கள் வீட்டில் செட் மேல் துளசிப் பாட்டியின் படத்தை வைத்திருந்தார்கள். நகர்த்தப் பட்ட பாடு தனிக்கதை.)

வேளச்சேரி: எந்த பிராண்டு அண்ணே கெடவே கெடாது?

அப்படி ஒன்று இருந்தால் நான் கடையைச் சாத்தியிருப்பேன் தம்பி. சாதாரண ஆம்ப் என்றால் தூக்கிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பெரிதானால் கை சொல்லிவிடும். சூடு குறைவாக ஓடும் கிளாஸ் டி வகை ஆம்புக்கு இந்தச் சோதனை செல்லாது, அது இயல்பிலேயே லேசு.

அம்பத்தூர்: இடி இடித்த ராத்திரிக்குப் பிறகு எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யவில்லை. ஸ்டெபிலைசர் இருந்ததே?

ஸ்டெபிலைசர் கரண்ட் வழியைத்தான் பார்த்துக்கொள்ளும். இடி பெரும்பாலும் டிஷ், கேபிள் ஒயரில் இறங்கி, செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ சிப்பைத் தொடுகிறது. வானம் உறுமத் தொடங்கும் முன்பே ப்ளக்கோடு அந்த ஒயரையும் கழற்றிவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

மயிலாப்பூர்: அமெரிக்காவிலிருந்து மச்சான் ஆம்ப் கொண்டுவருகிறார். நேராக மாட்டலாமா?

பின்பக்க எழுத்தைப் படிக்காமல் வேண்டாம். 120 வோல்ட் மட்டும் என்றால் நம் 230-இல் ஒரே நொடியில் புகை. 230-ஐ 120 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இங்கே வாரண்டி கேட்க ஆள் இருக்காது.

தாம்பரம்: பழைய ஸ்பீக்கரின் கோனைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் தொட்டால் உதிர்கிறது.

ஃபோம் நம் ஈரக் காற்றில் அப்படித்தான் உதிரும். தூக்கிப் போடாதீர்கள்; கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச் சுருளான காயில் நன்றாக இருந்தால் ஓரத்தை மட்டும் ரப்பரில் மாற்றித் தருவார்கள். அதுவரை பாட்டுப் போட வேண்டாம், கோன் சாய்ந்து காயில் காந்தத்தில் உரசிவிடும்.