பேத்தியின் வயிற்று வலி: குழந்தை நல மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்திக்கு ஆறு மாதமாக அடிக்கடி வயிறு வலிக்கிறது. எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தலும் திரும்பிவிட்டது. கிளினிக்கில் ஒன்றும் இல்லை என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் மகன் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து மருமகளை அடிக்கிறான், பிள்ளையைத் தொடுவதில்லை. ஆனால் லயத்து முனையில் அவன் மோட்டார் சத்தம் கேட்டதும் அவள் எழுதிக்கொண்டிருக்கும் பென்சிலைக் கையில் பிடித்தபடியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள். சின்னப் பிள்ளை, வளர்ந்தால் மறந்துவிடும் என்கிறார்கள். வீட்டு விஷயத்தை டாக்டரிடம் சொல்லலாமா? சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?
- ஒரு பாட்டி

பதில்: அன்புள்ள அம்மா, கட்டாயம் சொல்லுங்கள். கிளினிக்கில் உங்கள் பேத்தியின் வயிற்றைப் பார்த்தவரிடம் அந்த மோட்டார் சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காதது எங்கள் பக்கத்துக் குறை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் நடிக்கவில்லை; அந்த வலி உண்மையானது. பயம் வந்தால் உடலில் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய சுரப்புகள் கூடி, இதயம் வேகமாகத் துடிக்கும், குடலின் இயக்கம் மாறும், தூக்கம் கலையும். எப்போதாவது வந்து போகும் பயத்தால், அதுவும் பெரியவர் ஒருவர் அணைத்துத் தேற்றினால், தீங்கில்லை. மாறாக, இன்று இரவு என்ன நடக்குமோ என்று வாரக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளையின் உடல் அந்த எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்குவதே இல்லை. வயிற்று வலி, படுக்கை நனைத்தல், பாடத்தில் கவனமின்மை, ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் அடிக்கடி மூச்சிரைப்பு என்று அது பல வடிவங்களில் வெளிப்படும்.

வளர்ந்தால் மறந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா ஆகிய மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 1998-இல் வெளியாயின. அத்தகைய துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் இதய நோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடியிருந்தது. தாய் அடிபடுவதைப் பார்ப்பதும் வீட்டில் குடிகாரர் இருப்பதும் அவர்கள் கேட்ட துன்பங்களில் இரண்டு. பிள்ளைமீது கை படவில்லை என்பது போதாது, அம்மா. ஆனால் இது தலையெழுத்தன்று: அன்பு மாறாத ஒரு பெரியவர் அருகில் இருப்பதே பிள்ளைக்குப் பெரிய காப்பு என்பதை மருத்துவம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. அந்தப் பெரியவர் இப்போது நீங்கள்தான்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, சிறுநீரில் கிருமித் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் ஆகியவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் மனக்கவலையின் தலையில் கட்டுவதும் தவறு. பிறகு பிள்ளையை வெளியே தாதியோடு உட்காரவைத்துவிட்டு, எனக்கு எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல்லி, அரசு மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே விளையாட்டாகவும் வரைதலாகவும் பேச்சாகவும் பிள்ளையின் பயத்தைக் கையாள்வார்கள்.

பிரித்துவிடுவார்களோ என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. மலேசியாவின் 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி, பிள்ளை உடலாலோ மனத்தாலோ காயப்பட்டிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் மருத்துவர் சமூகநல இலாகாவில் பாதுகாவலர் எனப்படும் அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்பத்தினருக்கும் அந்தக் கடமை உண்டு. பிள்ளையைப் பிரிப்பது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள வழி என்று எண்ண வேண்டாம். வீட்டில் பொறுப்பேற்கக்கூடிய பெரியவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆகவே நீங்களும் நேரில் பேசுங்கள். மருமகள் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். தாலியான் காசே (Talian Kasih) என்ற உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கு இரவிலும் அழைக்கலாம். அடி விழும் நேரமாக இருந்தால் அவசர எண் 999.

இதற்கிடையே, அவள் தொட்டிக்குப் பின்னால் போனால் இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ‘பாட்டி இங்கேதான் இருக்கிறேன், இதில் உன் தப்பு எதுவும் இல்லை’ என்று சொல்லுங்கள். படுக்கை நனைந்திருந்தால் பேசாமல் விரிப்பை மாற்றிவிடுங்கள்; திட்ட வேண்டாம்.