ஜூலையில் பனி உண்டு, திராட்சை இல்லை

கேள்வி: மெல்போர்னில் வேலை பார்க்கும் மகன் ஜூலையில் எங்களை அங்கே வரச் சொல்கிறான். திராட்சைத் தோட்டம், பனிமலை, நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனின் ஊர் எல்லாம் ஒரே பக்கம் இருக்கிறதாம், மூன்று நாளில் பார்த்துவிடலாம் என்கிறான். நாங்கள் இருவரும் குடிக்காதவர்கள், ஏற்காட்டுக் குளிருக்கே குல்லா தேடுகிறவர்கள். போகத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. மகன் சொல்வது விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கு மலைப்பக்கம். மெல்போர்னிலிருந்து பிரைட் என்ற ஊர் சுமார் 320 கிலோமீட்டர், நாம் சேலத்திலிருந்து சென்னை போகிற தூரம்தான், அங்கேயே மூன்று ராத்திரி தங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் பக்கம்.

ஒன்று மட்டும் மகன் சொல்லியிருக்க மாட்டார். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். கம்பத்துப் பந்தல் திராட்சை மாதிரி வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்காது, இலையெல்லாம் உதிர்ந்து கொடி தூங்கும், கவாத்து பண்ணிக்கொண்டிருப்பார்கள். அறுவடை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான். அதனால் தோட்டத்துக்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் போதும். கிங் பள்ளத்தாக்கில் இத்தாலியிலிருந்து வந்து முதலில் புகையிலை போட்ட குடும்பங்கள் பல பிறகு திராட்சைக்கு மாறின, அவர்கள் வைத்திருக்கும் இடங்களில் சாப்பாடும் உண்டு, குடிக்காதவர்களை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். வண்டி ஓட்டுகிற மகனும் அன்றைக்குக் குடிக்காமல் இருக்கட்டும்.

பனிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பிரைட்டிலிருந்து ஹாரியட்வில் வழியாக மவுண்ட் ஹாதம் ஏற வேண்டும், உயரம் 1,861 மீட்டர். ஏற்காட்டை விட ஆயிரம் அடிக்கு மேல் அதிகம், ஆனால் நம் 20 கொண்டை ஊசி வளைவில் ஓட்டிய தைரியம் அங்கே உதவாது, ஏனென்றால் ரோட்டிலேயே பனி உறைந்து கிடக்கும். சீசனில் டயருக்கு மாட்டும் சங்கிலி வண்டியில் இருந்தே ஆக வேண்டும், சட்டம். டீசல் வண்டி என்றால் மலையடிவாரத்தில் ஆல்பைன் டீசல் கேட்டுப் போடச் சொல்லுங்கள், சாதா டீசல் அந்தக் குளிரில் கெட்டியாகிவிடும். கோட்டு, பூட்ஸ் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், இங்கே கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம்.

கெல்லி விஷயம்தான் எனக்குப் பிடித்தது. போகிற வழியிலேயே கிளென்ரோவன் வரும். 1880 ஜூனில் அவனும் மூன்று கூட்டாளிகளும் அங்கே ஒரு விடுதியில் ஊர்க்காரர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, போலீஸ் ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டார்கள். தாமஸ் கர்னோ என்ற பள்ளி வாத்தியார் நைசாக வெளியே வந்து, மெழுகுவர்த்தியும் சிவப்புத் துணியும் காட்டி ரயிலை நிறுத்திவிட்டார். அப்புறம் நடந்த சண்டையில் நால்வரும் போட்டிருந்தது கலப்பைத் தகட்டில் அடித்த இரும்புக் கவசம், கெல்லியுடையது மட்டும் 44 கிலோ. உருக்கு ஊர்க்காரர்களான நமக்கு அதைப் பார்த்ததும் மனசு கணக்குப் போடும், மார்பையும் தலையையும் மூடியவன் காலை விட்டுவிட்டானே என்று. போலீஸ் காலில்தான் சுட்டது. அதே வருஷம் நவம்பர் 11-ல் மெல்போர்னில் தூக்கு, வயது 25.

அவனை ஏழை அயர்லாந்துக்காரர்களின் காவலன் என்பவர்கள் இன்றும் உண்டு, 1878-ல் மூன்று போலீஸ்காரர்களைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் என்பவர்களும் உண்டு. மேட்டூர் பக்கம் வீரப்பன் பேச்சு எடுத்தால் டீக்கடை இரண்டாகப் பிரியுமே, அதே கதை. நான் அந்த வாத்தியார் கட்சி. கவசத்தைக் கிளென்ரோவனில் தேடாதீர்கள், அது மெல்போர்ன் ஸ்டேட் லைப்ரரியில் இருக்கிறது. நேரம் இருந்தால் பீச்வொர்த் போய், அவனை நிறுத்தி விசாரித்த கோர்ட்டைப் பாருங்கள், தங்கம் கிடைத்த காலத்துக் கல் கட்டடங்கள் அந்தத் தெரு முழுக்க நிற்கின்றன.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: மகனுக்கென்று மாம்பழம் கட்டாதீர்கள், ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். தட்டுவடை கொண்டுபோனால் விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவு இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள், எழுதாமல் மாட்டினால்தான் அபராதம்.