முதலில் தம்பிக்குப் போன் போடுங்கள்

கேள்வி: ஏஜென்ட்டிடம் 1,40,000 ரூபாய் கட்டி, விசிட் விசாவில் ஜூலையில் துபாய் வந்தேன். சூப்பர்வைசர் வேலை என்றார்கள். ஏர்போர்ட் கதவைத் தாண்டியதுமே அனல் முகத்தில் அடித்தது. கூட்டிப்போக யாரும் வரவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு தேராவில் அறை தேடினேன். தலை சுற்றி, ஏசி போட்ட பஸ் நிறுத்தத்துக்குள் உட்கார்ந்துவிட்டேன். வாட்ஸ்அப் கால் போகவில்லை. மாலையில் புர்ஜ் கலீஃபா முன்னால் நின்று எடுத்த போட்டோவை மட்டும் வீட்டுக்கு அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, அப்பா நிலத்தை ஒத்திக்கு வைத்து, தம்பிக்கும் அதே ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டார். வேலை இன்னும் அமையவில்லை. இந்த ஊரும் வெயிலும் எப்போது பழகும்?
- பெயர் வேண்டாம், துபாய்

பதில்: வெயில் பழகிவிடும். அக்டோபர் வந்தால் குறையும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் பெட்டியோடு தெருவில் நடந்தால் யாருக்கும்தான் தலை சுற்றும். இதற்கு மேல் வெயிலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அந்தப் போட்டோவுக்கு வருவோம்.

மதியம் மயங்கி உட்கார்ந்தவர், மாலையில் மெட்ரோ பிடித்து, ஸ்டேஷனிலிருந்து மாலுக்குப் போகும் அந்த நீளமான நடைபாலம் முழுக்க நடந்து, 828 மீட்டர் கட்டடம் ஃப்ரேமுக்குள் வருகிற இடமாகப் பார்த்து நின்று சிரித்திருக்கிறீர்கள். அவ்வளவு தெம்பு இருந்திருக்கிறது. வாட்ஸ்அப் கால் அங்கே போகாது, சரி. போட்டோ போன வழியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போகாதா? "கூப்பிட யாரும் வரலப்பா" என்று சொல்ல அரை நிமிடம் போதுமே!

வீட்டில் கவலைப்படுவார்கள் என்று மறைத்தேன் என்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதம் எல்லாவற்றிலும் இதே வசனம்தான். நான் நம்புவதில்லை. ஊரில் நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாது என்ற வீம்பு அது. அந்த வீம்புக்கு இப்போது உங்கள் அப்பா நிலம் ஒத்திக்குப் போயிருக்கிறது. அந்த ஏஜென்ட்டுக்கு விளம்பரமே தேவையில்லை, நீங்களே பைசா வாங்காமல் செய்து கொடுத்துவிட்டீர்கள். மூத்த பிள்ளை முதலில் போவது எதற்கு? பள்ளம் எங்கே இருக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லத்தானே?

இதழ் அச்சாகக் காத்திருக்காமல் உங்களுக்கு மின்னஞ்சலிலும் எழுதிவிட்டேன். இன்று இரவே தம்பியிடம் பேசுங்கள். அங்கே கால் பேச உதவும் 'போட்டிம்' ஆப் இல்லையென்றால் சாதாரண ஐ.எஸ்.டி. கால் போடுங்கள், காசு போனால் போகட்டும். அங்கே எட்டு மணி என்றால் இங்கே ஒன்பதரை, அப்பா தூங்கியிருக்க மாட்டார். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம் என்பதை அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும். முறையான வேலை என்றால் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வேலைக் கடிதம் வரும், அதைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று தம்பியே பார்க்கட்டும். பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், ரசீதோடு காவல் நிலையத்துக்கும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் போகச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் விசா என்றைக்கு முடிகிறது? இவ்வளவு எழுதியவர் அதை எழுதவே இல்லை. தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். அதற்குள் பர் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.