கொரோனாவும் காவலர் பற்றாக்குறையும்: கேள்வி பதில்

கேள்வி: ஊரடங்கில் ஆள் போதவில்லை என்றார்களே சார், உடனே புதிதாக எடுத்திருக்கலாமே?

பதில்: எடுத்தாலும் கொரோனா முதல் அலைக்கு உதவியிருக்காது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 10,906 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது 2020 செப்டம்பரில். எழுத்துத் தேர்வு டிசம்பர் 13. ஏப்ரலில் வைக்க இருந்த உடற்தகுதித் தேர்வு இரண்டாம் அலையால் தள்ளிப்போய், 2021 ஜூலை கடைசியில்தான் தொடங்கியது. பயிற்சி அதற்கும் பிறகுதான்.

கைகொடுத்தது முந்தைய தேர்வு. ஏற்கெனவே தேர்வாகிக் காத்திருந்த 8,500-க்கு மேற்பட்டோரை 2020 மே மாதமே அழைத்து, சொந்த மாவட்டத்திலேயே அடிப்படைப் பயிற்சி தந்தார்கள்.

கேள்வி: அரைகுறைப் பயிற்சியோடு வருகிறவரை எங்கே போடுவது?

பதில்: சந்தை வரிசை, தடுப்புக் கட்டை, கட்டுப்பாட்டுப் பகுதி வாசல் போதும். அங்கேயும் ஒரு தலைமைக் காவலர் கூடவே நிற்க வேண்டும். கைது, வாகனப் பறிமுதல், பாரா (நிலையக் காவல் பணி) இவற்றில் விடவே கூடாது. சட்டம் படிக்காதவர் கையில் லத்தி மட்டும் இருந்தால் வாக்குவாதம் அடிதடியில்தான் முடியும்.

கேள்வி: எங்கள் ஸ்டேஷனில் ஒருவருக்குத் தொற்று வந்து பாதிப் பேர் தனிமைக்குப் போனார்கள். டியூட்டி எப்படிப் போட்டிருக்க வேண்டும்?

பதில்: பணிக்கு வரக்கூடியவர் 30 பேர் என்றால் 12, 12, 6 என்று பிரியுங்கள். முதல் இரண்டும் வாரம் மாற்றி வாரம். 6 பேர் கையிருப்பு; அவர்களைத் தினசரி வேலைக்கு இழுத்தால் திட்டமே போச்சு.

பட்டியல் சரியாக இருந்தும் குழு கலப்பது மூன்று இடங்களில்: ரோல் கால் (வருகைக் கணக்கெடுப்பு), மெஸ், ஓய்வறை. இன்னொன்று வாக்கி டாக்கி. ஒருவர் வாயருகே வைத்துப் பேசியதை அப்படியே அடுத்தவரிடம் நீட்டுவார். கை மாறும்போது ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் கொடுங்கள். 50 வயது தாண்டியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் செக்போஸ்ட் வேண்டாம்; ரைட்டர் வேலை (நிலைய எழுத்துப் பணி), கட்டுப்பாட்டு அறை பார்க்கட்டும்.

கேள்வி: தன்னார்வலர்களை வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: ஊர்க்காவல் படையை அழையுங்கள். அதற்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அழைப்பாணை இருக்கிறது. அதிகாரம் இல்லாதவரைக் காவலர் இடத்தில் நிறுத்தக் கூடாது. சாத்தான்குளம் மரணங்களுக்குப் பிறகு, 2020 ஜூலையில், போலீசாருக்கு உதவிய தன்னார்வலர்களின் ‘போலீஸ் நண்பர்கள்’ அமைப்புக்கு அரசு தடை போட்டது. அந்தத் தடை சரியானது என்றே சொல்வேன்.

கேள்வி: தேர்வு தள்ளிப்போனதில் என் தம்பிக்கு வயது கடந்துவிட்டது அண்ணா. சலுகை கிடைத்ததா?

பதில்: கிடைத்தது. 2022-இல் 3,552 இடங்களுக்கான அறிவிப்பில் உச்ச வயது 2 ஆண்டு கூடியது: பொதுப்பிரிவு 26, பிற்படுத்தப்பட்டோர் 28, பட்டியலினத்தவர், பழங்குடியினர் 31.

கேள்வி: மைதானம் பூட்டிக் கிடந்ததில் ஓட்டம் விட்டுப்போச்சு. உடற்தகுதித் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் எப்படி முடிப்பது?

பதில்: 400 மீட்டர் மைதானத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 வினாடி கணக்கு. பயிற்சியில் 105-க்குப் பழகுங்கள். பலர் முதல் சுற்றை 85-இல் முடித்துவிட்டு மூன்றாவதில் நடக்கிறார்கள். கொரோனா வந்து தேறியவர் என்றால் மருத்துவரைப் பார்த்த பிறகே ஓடுங்கள். முதல் இரண்டு வாரம் வேக நடை மட்டும். நெஞ்சு படபடத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள் தம்பி.