மாரிக்கு முன் தடாகத்தை இறைத்துக் காயவிடலாமா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் 18 குடும்பங்கள் சேர்ந்து பாவிக்கும் சின்ன நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் நீந்தப் பழகட்டும் என்று வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்பிக் கட்டித் தந்தது. 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். ஐப்பசி தொடக்கம் தை வரை ஒருவரும் இறங்குவதில்லை. இந்த முறை தண்ணீரை முழுக்க இறைத்துக் காயவிடுவோம் என்கிறார்கள் பாதிப்பேர். அப்படியே விட்டு மீன் குஞ்சு விடுவோம் என்கிறார்கள் மற்றவர்கள். குளிக்காத மாதத்துக்குச் சந்தா ஏன் என்றும் சிலர் கேட்கிறார்கள். என்ன செய்வது?
(சனசமூக நிலையப் பொருளாளரான ஒரு தாய், கிளிநொச்சி)

பதில்: இறைக்க வேண்டாம், தங்கச்சி. யாராவது தண்ணீர் இறைக்கும் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தால் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

காரணம் உங்கள் கிணற்றில் இருக்கிறது. ஆவணியில் அடியில் கிடக்கும் தண்ணீர் கார்த்திகைக் கடைசியில் எங்கே நிற்கும் என்று வன்னியில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சில வளவுகளில் குனிந்து வாளியாலேயே அள்ளலாம். அதே தண்ணீர்தான் தடாகத்தைச் சுற்றியும் ஏறுகிறது. ஆறு அங்குலக் கொங்கிறீட் தரை ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 360 கிலோ பாரம். நிலத்தடி நீர் அந்தத் தரையைவிட ஒரு மீற்றர் மேலே ஏறினால், ஒவ்வொரு சதுர மீற்றரையும் 1,000 கிலோ பாரத்தளவு விசையோடு மேலே தள்ளும். உள்ளே தண்ணீர் நின்றால் அது அமத்திப் பிடிக்கும். வெறுந்தொட்டி என்றால் வள்ளம் மாதிரித்தான், மிதக்கப் பார்க்கும்.

நான் முப்பது வருசம் பம்புகளோடு வேலை செய்தவன். ஒரு மார்கழியில் ஒரு விடுதித் தடாகத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஐப்பசியில் இறைத்து, தேய்த்துக் கழுவி, நல்ல மனதோடுதான் காயவிட்டிருந்தார்கள். ஆழமான பக்கத்தில் நீல ரைல்ஸ் இரண்டிரண்டாகச் சாய்ந்து கூரை முகடு போல நின்றன. குதிக்காலால் தட்டினேன், வெறும்பானை போலச் சத்தம். நடு வெடிப்புக்குள்ளால் சேற்றுத் தண்ணீர் சின்னச் சின்னதாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அந்தத் தரை முழுவதையும் உடைத்துத்தான் திரும்பப் போட வேண்டி வந்தது.

ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டிப் பக்கத்துக் கிணற்றில் இறக்கிப் பாருங்கள். நிலமட்டத்தில் இருந்து எத்தனையாவது முடிச்சு நனைகிறது? தடாகத்தின் ஆழமான பக்கம் எத்தனை அடி? கிணற்றுத் தண்ணீர் அந்த ஆழத்தைவிட மேலே நிற்கும் காலம் முழுக்கத் தடாகத்தை வெறுமையாக்கக் கூடாது. திருத்த வேலை இருந்தால் ஆடி, ஆவணியில் வையுங்கள்.

சரி, எப்படி மூடுவது? கனடாவில் இருக்கிற அண்ணன்மார், பம்பை நிறுத்திக் குழாய்களுக்குக் காற்றடித்து வைக்கச் சொல்வார்கள். அங்கே குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும், அதனால் அவர்களுக்கு அது சரி. நமக்கு மார்கழியிலும் தண்ணீர் உறையாது. பம்பை நிறுத்தினால் ஒரு கிழமையில் பாசி பிடிக்கும், பின்னாலேயே நுளம்பு வரும். முட்டையில் இருந்து நுளம்பாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். டெங்குக்கு நாம் பயப்படும் மாதங்களும் அவைதான். ஆகவே ஆட்களுக்கு மட்டும் மூடுங்கள். பம்பு தினமும் மூன்று நான்கு மணித்தியாலம் ஓடட்டும்.

மூடும் நாளில் சுவரைத் தேய்த்து, அடியில் கிடக்கும் இலைகுழையை எடுத்து, வடிகட்டியைக் கழுவுங்கள். தண்ணீரின் பி.எச்., அதாவது புளிப்பு-காரத் தன்மையின் அளவு, 7.2க்கும் 7.6க்கும் இடையில் இருக்க வேண்டும். சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்றால் உங்களிடம் இருப்பது 1 லட்சம் லீற்றர். நூற்றுக்கு 70 குளோரின் உள்ள தூளில் ஒன்றரைக் கிலோ போதும். பொழுதுபட்ட பிறகு போடுங்கள், வெயில் குளோரினைத் தின்றுவிடும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் தூள். மாறிச் செய்யாதீர்கள். அதன்பிறகு கிழமைக்கு இரண்டு தரம் சோதித்து, 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 1 முதல் 3 பங்கு) வரை குளோரின் நிற்கும்படி பாருங்கள். பெருமழை பெய்தால் அடுத்த நாளே பாருங்கள்.

மீன் கெட்ட யோசனை இல்லை, ஆனால் குளோரினுக்குள் மீன் உயிர் வாழாது. பம்பு பழுதாகி, திருத்தக் காசில்லாமல் கிடக்கும் தொட்டிக்குத்தான் நுளம்புப் புழுவைத் தின்னும் கப்பி மீன் சரி.

தறப்பாள் போட்டு மூடாதீர்கள். அதன்மேல் மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு வளரும். அதைவிட மோசம், தரை என்று நினைத்துச் சின்னப்பிள்ளை ஒன்று கால் வைத்தால் தறப்பாளுக்குள் சுருட்டுப்பட்டுவிடும். இலை விழாமல் இருக்க, முல்லைத்தீவுப் பக்கம் கிடைக்கும் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுங்கள். வலை இலைக்கு மட்டும்தான். பிள்ளைக்கு வேலி வேண்டும். குறைந்தது நாலடி, ஏறிப்போகக் கால் வைக்க இடமில்லாதது, தானாகச் சாத்தும் படலையோடு. நம் ஊரில் குளத்திலும் கட்டில்லாக் கிணற்றிலும் போன பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வேலை ஒன்றுதான் செய்யலாம் என்றால் வேலியைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இன்னொன்று. பெரும்போகக் காலத்தில் சனசமூக நிலைய அறையில் யூரியாவும் மண்ணெண்ணெயும் அடுக்கியிருக்கும். குளோரின் வாளியை அங்கே வைக்கவே கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், நச்சுப்புகை வரும்.

சந்தாவுக்கு, வருசச் செலவு முழுவதையும் 12 ஆகப் பிரித்து மாதாமாதம் ஒரே தொகை வாங்குங்கள். மாரிக்கென்று தனிக் கணக்கு இருந்தால்தான் கேள்வி வரும். உடைந்த தரைக்கு 18 குடும்பமும் சேர்ந்து கொடுக்கப்போவது இதைவிட எவ்வளவு பெரியது என்று கூட்டத்தில் சொல்லுங்கள். தேவை என்றால் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தடாகத்தின் மோட்டர் அறைக்குள் போன மழைக்கு வெள்ளம் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஓட்டிப் பார்க்கலாமா?
(முல்லைத்தீவு வாசகர்)

பதில்: கூடாது, தம்பி. கரண்டை மெயினில் நிறுத்தி, மோட்டரைக் கழற்றி, தெரிந்த எலக்ட்ரீசியனிடம் கொடுத்து உலர்த்திச் சோதித்த பிறகுதான். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த மாரிக்கு முன், அந்த அறையில் வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேலே சீமெந்து மேடை கட்டி மோட்டரை ஏற்றுங்கள்.

கேள்வி: தைப்பொங்கலுக்குத் திறக்கலாமா?
(வவுனியா வாசகி)

பதில்: நாளைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள், பிள்ளை. ஆழமான பக்கத்தில் ஒரு கறுப்புச் செருப்பைக் கல் கட்டிப் போடுங்கள். விளிம்பில் நின்று பார்க்கும்போது அதன் வார் தெளிவாகத் தெரிய வேண்டும், குளோரினும் 3 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் இன்னும் ஒரு கிழமை பம்பை ஓட்டுங்கள்.